சேலையின் அகலம்

“இப்ப வர்ற சேலையெல்லாம் அகலத்தைக் கூட்டி நெய்யுறாங்க” என்று அம்மா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சுங்குடிச் சேலையை இடுப்பில் செருகும்போது நாலு விரல் அகலத்துக்கு மேலே மடித்துவிட்டால்தான் கால் தடுக்காமல் நடக்க முடிகிறதாம். கடைக்காரரிடமும் கேட்டிருக்கிறாள். அவரும் “ஆமாம்மா” என்று தலையாட்டியிருக்கிறார். நானும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

போன வருடம் பொங்கலுக்கு மதுரை போயிருந்தபோது, அண்ணன் மகள் நிச்சயத்துக்கு எதைக் கட்டலாம் என்று பீரோவைத் திறந்தவள், என் கல்யாணத்துக்குக் கட்டிய மயில்கழுத்துப் பட்டை வெளியே எடுத்தாள். “சாயம் போச்சுடி, பழுப்படிச்சுக் கெடக்கு” என்றாள். எனக்கு நிறம் சரியாகத்தான் தெரிந்தது. பழைய சேலை என்பதால் சொல்கிறாள் என்று நினைத்தேன். கட்டிப் பார்த்தாள். 26 வருடச் சேலை, அதுவும் தரையைக் கூட்டியது. பீரோவுக்குள் மடித்து வைத்த சேலை வளர்ந்திருக்க முடியாது. அம்மாதான் குறைந்திருந்தாள்.

சுவரோரம் நிற்க வைத்து, தலைமேல் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு அளந்தேன். 4 அடி 10 அங்குலம். பெண்ணின் உயரம் 5 அடி 1 அங்குலம் என்று தாத்தா அப்பா வீட்டுக்கு எழுதிய கடிதம் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. 3 அங்குலம் எங்கே போனது?

அதே வாரம்தான் நான் என் முகத்துக்காக 22,000 ரூபாய் கட்டியிருந்தேன். இந்த இரண்டும் ஒரே வாரத்தில் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். 51 வயது. கன்னத்தில் மங்கு, கண்ணோரம் கோடுகள், வாயின் இரண்டு பக்கமும் பள்ளம். நிச்சயத்துக்கு முன் ஏதாவது செய்யலாம் என்று ஒரு அழகு சிகிச்சை கிளினிக்குக்குப் போனேன். வெள்ளைக் கோட் போட்ட ஒரு பெண் பூதக்கண்ணாடி வைத்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, நிறம் வெளுக்க நரம்பில் ஏற்றும் குளுட்டாதயோன் டிரிப் 8 முறை, அப்புறம் என் ரத்தத்தையே எடுத்துப் பிரித்து முகத்தில் குத்தும் ஊசி 4 முறை என்று பேக்கேஜ் போட்டுக் கொடுத்தார். அவர் டாக்டர் இல்லை, ‘கவுன்சிலர்’ என்பது பிறகுதான் தெரிந்தது. முதல் தவணையைக் கட்டி, இரண்டு டிரிப்பும் ஏற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கூட வேலை பார்க்கும் ஒருவர் என்னைத் தன் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனார். அந்த அம்மையார் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. முதலில் கையை மடக்கித் தூக்கச் சொன்னார். ஜாக்கெட் கை மறைக்கிற இடத்தில், உள்பக்கத் தோலை விரலால் தொட்டுக் காட்டினார். “உங்க வயசு இங்கதான் இருக்கு. முகத்துல இருக்கிறதுல பாதிக்கு மேல வெயில்” என்றார். டிரிப்பை நிறுத்தச் சொன்னார். தோல் நிறத்துக்காக குளுட்டாதயோனை நரம்பில் ஏற்றுவதற்கு நம்பும்படியான ஆய்வு எதுவும் இல்லை. அதை அதிகம் பயன்படுத்திய நாடுகளில் ஒன்றான பிலிப்பைன்ஸில் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே அதை எதிர்த்து எச்சரிக்கை விட்டிருக்கிறது. மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கொடுக்கவில்லை.

வெயில் என்று அவர் சொன்னது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த தடவை மதுரை போனபோது அம்மாவின் கையைப் பார்த்தேன். 76 வயது. ஜாக்கெட் கை முடிகிற இடத்தில் கோடு போட்ட மாதிரி இருந்தது. கோட்டுக்குக் கீழே காய்ந்த வாழைச்சருகு போலத் தோல், கறுப்பும் பழுப்புமாகப் புள்ளிகள். ஜாக்கெட்டைக் கொஞ்சம் மேலே தள்ளினால், அதே கையில் நாற்பது வயதுப் பெண்ணின் தோல். 50 வருடம் மாடியில் வடகம் காயப்போட்டு, துணி உலர்த்தி, பஸ்ஸுக்கு நின்ற வெயில் அந்தக் கோட்டுக்குக் கீழே அப்படியே படிந்திருக்கிறது. 2012இல் ஒரு மருத்துவ இதழில் 69 வயது அமெரிக்க லாரி ஓட்டுநர் ஒருவரின் படம் வந்தது. 28 வருடம் வண்டி ஓட்டியவர். ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் வரப்பு வரப்பாகச் சுருங்கித் தொங்கும், வலது கன்னத்துக்கு இருபது வயது குறைவு என்று சொல்லலாம். அதைப் பார்த்தபோது இவ்வளவு அதிர்ச்சி வரவில்லை, அம்மா கையைப் பார்த்தபோதுதான் வந்தது.

வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தோலுக்குள் சில நொதிகள் கிளம்பி, தோலைத் தாங்கிப் பிடிக்கிற கொலாஜன் என்ற புரதத்தை அறுக்கின்றன. கட்டிலின் கயிறு ஒவ்வொன்றாக அறுந்தால் நடுவில் தொய்கிற மாதிரி தோல் தொய்கிறது. நம்முடைய கறுத்த தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி இதை ஓரளவு தடுக்கிறது. அதனால்தான் வெள்ளைக்காரர்களை விட நமக்குச் சுருக்கம் பத்து வருடம் தாமதித்து வருகிறது. ஆனால் மங்கும் கரும்புள்ளியும் நமக்கு அதிகம். சன்ஸ்கிரீன் இதில் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊரில் பார்த்தார்கள். 55 வயதுக்கு உட்பட்ட 903 பேர். ஒரு பகுதியினர் தினமும் பூசினார்கள், மற்றவர்கள் இஷ்டப்படி பூசினார்கள். நாலரை வருடம் கழித்துக் கையின் பின்பக்கத் தோலை அச்செடுத்து ஒப்பிட்டால், தினமும் பூசியவர்களிடம் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு. 2013இல் வெளிவந்தது. எந்த டிரிப்புக்கும் இப்படி ஒரு ஆய்வு இல்லை.

அந்த மருத்துவர் எனக்கு எழுதிக் கொடுத்தது இரண்டே இரண்டு. காலையில் சன்ஸ்கிரீன், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து முழுக்க. மங்கு இருப்பதால் லேசாக நிறம் கலந்த வகை, ஏனென்றால் மங்கைக் கறுக்க வைப்பதில் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு, அதை இரும்பு ஆக்ஸைடு கலந்த நிறப்பூச்சுதான் தடுக்கும். இரவில் டிரெட்டினாயின் கிரீம், முகம் முழுக்கச் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு இரவு மட்டும்.

டிரெட்டினாயின் வைட்டமின் ஏ குடும்பத்து அமிலம். பிலடெல்பியாவில் ஆல்பர்ட் க்ளிக்மன் என்ற தோல் மருத்துவர் பருவுக்கு மருந்தாக அதைக் கொண்டுவந்தார், 1971இல் அனுமதி கிடைத்தது. பருவுக்குப் பூசிய நடுத்தர வயதுப் பெண்கள் சுருக்கமும் குறைகிறது என்று வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். 1988இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 30 பேரை வைத்து 16 வாரம் ஒப்பிட்டுப் பார்த்து, அது உண்மைதான் என்று காட்டினார்கள். உள்ளே புதுக் கொலாஜன் உருவாக வைக்கிற, நீண்டகால ஆதாரம் உள்ள பூச்சு மருந்து இன்றைக்கும் இதுதான். ஒரு டியூப் சில நூறு ரூபாய். இந்தக் கதையின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் போனால் தப்பு. க்ளிக்மன் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் தோலில் 1950களிலிருந்து 1974 வரை சோதனை நடத்தியவர். அந்தக் கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். என்ன பூசுகிறார்கள், என்ன ஊசி போடுகிறார்கள் என்பது அவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. 2022இல்தான் அந்த நகரம் மன்னிப்புக் கேட்டது. இரவில் அந்த டியூபைத் திறக்கும்போது சில நாள் அவர்கள் நினைவு வரும்.

மூன்றாவது வாரம் வாயோரம் தோல் உரிந்தது. எரிச்சல். விட்டுவிடலாமா என்று தோன்றியது. அடியில் மாய்ஸ்சரைசர் பூசிவிட்டு அதன்மேல் பூசச் சொன்னார் மருத்துவர், சரியானது. நாலு மாதத்தில் மங்கு பாதியாக மங்கியது. கண்ணோரக் கோடு போகவில்லை, ஆழம் குறைந்தது. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் இதைத் தொடக் கூடாது. கடையில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கும் மருந்தும் இல்லை. அதைவிட முக்கியம், மூன்று மருந்தைக் கலந்து வருகிற ‘சிவப்பழகு’ டியூப்களில் டிரெட்டினாயினோடு ஸ்டீராய்டும் இருக்கும். அதை மாதக்கணக்கில் பூசி, தோல் காகிதமாக மெலிந்து, ரத்தக் குழாய் சிவப்பாகத் தெரிகிற முகத்தோடு வருகிற பெண்களைத் தினமும் பார்ப்பதாக மருத்துவர் சொன்னார்.

போடாக்ஸ் பற்றிக் கேட்பீர்கள். கனடாவின் வான்கூவரில் ஜீன் கேருதர்ஸ் என்ற கண் மருத்துவர், இமை இழுத்துத் துடிக்கிற நோய்க்கு அந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தார். 1987இல் ஒரு நோயாளி, புருவத்துக்கு நடுவில் ஏன் இந்தத் தடவை போடவில்லை என்று கோபித்துக்கொண்டார், போட்டால் நெற்றிச் சுளிப்பு போய்விடுகிறதாம். ஜீனின் கணவர் அலஸ்டேர் தோல் மருத்துவர். இருவருமாக அதை ஆராய்ந்து எழுதினார்கள், 2002இல் அமெரிக்காவில் புருவச் சுளிப்புக்கு அனுமதி வந்தது. நரம்பு தசைக்குச் சொல்லும் சேதியை அது மூன்று, நாலு மாதம் தடுத்து வைக்கிறது. சுளித்தால் விழும் கோட்டுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். நான் போட்டுக்கொள்ளவில்லை, போட்டுக்கொண்ட தோழி சந்தோஷமாக இருக்கிறாள். பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் விஷயத்தில் மட்டும் எனக்குப் பயம் உண்டு. ஊசி தப்பி ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகும், அபூர்வமாகக் கண்பார்வையே போகும். போடுவதென்றால், போடுகிறவர் தோல் மருத்துவரா பிளாஸ்டிக் சர்ஜனா என்று கேளுங்கள். அதைக் கரைக்கும் ஹையலுரானிடேஸ் மருந்து அதே அறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

சரி, அம்மாவின் 3 அங்குலத்துக்கு வருகிறேன்.

மதுரையிலேயே ஒரு எலும்பு மருத்துவரிடம் போனோம். எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் மூன்று எலும்புகள் முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருந்தன. எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டார். “நான் விழவே இல்லையே” என்றாள் அம்மா. இரண்டு வருடத்துக்கு முன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது முதுகில் ‘சுளீர்’ என்று பிடித்து, பத்து நாள் தைலம் தேய்த்துப் படுத்திருந்தாள். வாய்வு என்று நினைத்தோம். அது எலும்பு முறிவு. முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான், சத்தமில்லாமல் நடந்துவிடுகின்றன. கூன் விழுவதை வயதின் இயல்பு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். நம் தெருக்களில் கூன் விழுந்து நடக்கிற ஒவ்வொரு பாட்டியின் முதுகிலும் யாரும் பார்க்காத எக்ஸ்ரே ஒன்று இருக்கிறது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள். படுக்கையில் பத்து, பதினைந்து நிமிடம் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான், கதிர்வீச்சும் மிகக் குறைவு. இளம்வயதுப் பெண்ணின் எலும்போடு ஒப்பிட்டு ஒரு எண் வரும். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப் புரை நோய். அம்மாவுக்கு மைனஸ் 3.1. ஊரில் ‘எலும்பு தேய்மானம்’ என்று ஒரே பெயரில் மூட்டு வலியையும் இதையும் சேர்த்துச் சொல்கிறோம். இரண்டும் வேறு வேறு. மூட்டு தேய்ந்தால் வலிக்கும். இது வலிக்காது, உடைகிற அன்றைக்குத்தான் தெரியும். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள். என் பெரியம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து ஏழு மாதத்தில் போனாள். அதை நாங்கள் விதி என்றோம்.

எலும்பு ஒரு முறை கட்டி முடித்த சுவர் இல்லை. பழையதைத் தின்னும் செல்லும் புதிதாகக் கட்டும் செல்லும் உள்ளே ஓயாமல் வேலை செய்கின்றன. தின்னும் செல்லை அடக்கி வைப்பது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு வருடத்தில் அந்தக் கட்டு அவிழ்ந்து, எலும்பு வேகமாகக் குறைகிறது. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. அதாவது அம்மாவுக்கு இந்தக் கணக்கு ஆரம்பித்து முப்பது வருடம் ஆகிறது. எனக்கு ஆரம்பித்து மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் நான் கண்ணாடியில் கண்ணோரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகம் எல்லாம் பார்த்து, பல் மருத்துவரிடமும் காட்டிவிட்டு, அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு ஒன்று. 1995இலிருந்து அமெரிக்காவில் புழக்கத்தில் உள்ள மருந்து, இப்போது மலிவு. அது எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு தின்னும் செல்லை முடக்குகிறது. ஏற்கெனவே முதுகெலும்பு நசுங்கிய பெண்களிடம் புது முறிவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது என்று 1996இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. தாடை எலும்பு பாதிப்பும் தொடை எலும்பில் விநோதமான முறிவும் அபூர்வமாக வரலாம், அதனால்தான் ஐந்து வருடத்தில் நிறுத்திப் பார்ப்பது பற்றி யோசிப்பார்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை ஏற்றும் ஜோலெட்ரோனிக் அமிலம் உண்டு. எலும்பைப் புதிதாக வளர்க்கிற ஊசியும் உண்டு, விலை அதிகம்.

இந்த மாத்திரையின் சிரமம் வேறு இடத்தில். காலையில் வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, படுக்கவும் கூடாது, படுத்தால் உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். காப்பி குடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. அம்மா ஐந்தரை மணிக்கு எழுந்ததும் டிகாக்ஷன் வாசனை வராவிட்டால் உலகமே நின்றுபோனது போல இருப்பவள். ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் அவள் திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் வாரம் போனில் என்னிடம், “பிள்ளை பெத்தப்பகூட இவ்வளவு நேரம் ஆகலடி” என்றாள். இப்போது ஞாயிறுதோறும் அந்த நேரத்தில் நான்தான் போன் செய்கிறேன். அரை மணி பேசினால் காப்பிக்கு நேரம் வந்துவிடுகிறது.

மாத்திரையோடு பிசியோதெரபி சொன்னார்கள். குனியக் கூடாது என்பது முதல் விதி. முன்பக்கம் நசுங்கிய எலும்பு, குனிந்தால் இன்னும் நசுங்கும். வாசலில் இடுப்பை மடித்துக் குனிந்து கோலம் போடுவதுதான் அவளுக்கு முதுகு பலம் என்று நாங்களே பெருமை பேசியிருக்கிறோம். இப்போது ஒரு தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து சின்னக் கோலமாகப் போடுகிறாள். இரண்டாவது, நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. முதல் நாள் இரண்டு முறைக்கு மேல் முடியவில்லை, தொடை நடுங்கியது.

76 வயதில் தசை வளருமா என்று எனக்குச் சந்தேகம். தேடிப் படித்தபோது ஒரு பழைய ஆய்வு கிடைத்தது. பாஸ்டனில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதை ஒட்டிய, தள்ளாடும் 10 பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். சிறிய எடை இல்லை, அவர்களால் முடிந்ததில் பெரும்பங்கு. முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1990இல் வந்தது. நாற்பது வருடமாகத் தசை கரைந்துகொண்டே போன காலில், எட்டு வாரத்தில் அப்படி ஒரு மாற்றம். இதை ஒரு ஊசி செய்திருந்தால் உலகமெங்கும் கடை திறந்திருப்பார்கள்.

அம்மா இப்போது கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு 12 முறை எழுகிறாள். மணிக்கட்டில் மணல் பட்டை கட்டித் தூக்குகிறாள். காலையில் இரண்டு முட்டை, சாயங்காலம் சுண்டல். “இந்த வயசுல முட்டையா” என்று முதலில் முகம் சுளித்தாள். வயதானால் பாலும் ரொட்டியும் போதும் என்று நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோமே, அந்த வயதில்தான் புரதம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

ஸ்கேன் முடிந்து திரும்பியதும் நான் மகப்பேறு மருத்துவரிடம் போனேன். இரவில் குப்பென்று உடம்பு கொதித்து வியர்த்து எழுந்துகொள்வேன், மூன்று வருடமாகப் பொறுத்துக்கொண்டிருந்தேன். ஹார்மோன் சிகிச்சை என்றதும் “கேன்சர் வருமே” என்றேன். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவர் பொறுமையாக விளக்கினார். 2002இல் அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த ஹார்மோன் மாத்திரை ஆய்வை, மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று பாதியில் நிறுத்தினார்கள். 26 சதவீதம் கூடுதல் என்று உலகம் முழுக்கச் செய்தி. எண்ணிக்கையில் பார்த்தால் வருடத்துக்கு 10,000 பெண்களில் 30 பேருக்கு வந்தது 38 ஆனது. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63, மாதவிடாய் நின்று பல வருடம் ஆனவர்கள். பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்குள், நின்று பத்து வருடத்துக்குள் ஆரம்பிப்பவர்களுக்கு நன்மையே மேலோங்குகிறது என்று தெரிந்தது. மார்பகப் புற்றுநோய், ரத்தக் கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கு இது கூடாது. எனக்கு அதெல்லாம் இல்லை. தோலில் தேய்க்கும் ஈஸ்ட்ராடியால் ஜெல், இரவில் ப்ரொஜெஸ்டிரோன் மாத்திரை. மூன்றாவது வாரம் முழு இரவும் தூங்கினேன். எலும்புக்கும் அது காவல். இளமை திரும்புவதற்காக இதை எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். தூக்கத்துக்காக எடுத்தேன், தூக்கம் வந்தது. 2002 செய்திக்குப் பயந்து, ஒரு மருத்துவரிடமும் கேட்காமல் தூங்காமலே காலம் தள்ளிய பெண்கள் எத்தனை லட்சம் பேரோ.

ஆயுளையே நீட்டும் மருந்து என்று வருகிறதெல்லாம் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. வளர்ச்சி ஹார்மோன் ஊசியின் கதை 1990இல் 61 வயதைத் தாண்டிய 12 ஆண்களுக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த ஒரே ஒரு சிறிய ஆய்விலிருந்து கிளம்பியது, அதை வைத்து ஒரு தொழிலே எழுந்துவிட்டது. கால் வீக்கம், மூட்டு வலி, சர்க்கரை ஏற்றம் என்று பிறகு தெரிந்ததை விளம்பரத்தில் போடுவதில்லை. ராபமைசின் மேல் மட்டும் எனக்கு மரியாதை உண்டு. 1964இல் ஈஸ்டர் தீவின் மண்ணில் எடுத்த கிருமியிலிருந்து பிற்பாடு அதைப் பிரித்தெடுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் துணைக்கண்டத்தில் பிறந்த சுரேன் சேகல். மாண்ட்ரியாலில் அந்த ஆய்வுக்கூடத்தை மூடியபோது வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார் என்று சொல்வார்கள். இன்று மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் காக்கிற மருந்து. 2009இல், மனிதக் கணக்கில் அறுபது வயது எலிகளுக்குக் கொடுத்தபோதும் ஆயுள் கூடியது, பெண் எலிகளுக்கு 14 சதவீதம், ஆண் எலிகளுக்கு 9. மனிதருக்கு ஆயுள் கூடும் என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை. நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தை அதற்காக வாங்கி விழுங்க நான் தயாரில்லை.

பிசியோதெரபி செய்த பெண்தான் அம்மாவின் கண்ணைக் கவனித்தாள். படியில் இறங்கும்போது காலால் தடவித் தடவி இறங்குகிறாளாம். எலும்பைக் காப்பாற்றி என்ன, கண் தெரியாமல் விழுந்தால்? அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி, முடக்குவாதத்தில் வளைந்த விரல்களோடு, 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. மூப்பு வந்து ஓய்ந்திருக்க வேண்டிய கை அது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து நூற்றுக்கணக்கான டாலர் விற்றபோது, 1992இல் அவர்களே ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்புக் கூடத்தைத் தொடங்கி ஏழைகளுக்கும் எட்டுகிற விலைக்குச் செய்துகாட்டினார்கள். அந்த லென்ஸின் கதையும் அழகு. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கின் துண்டுகளைக் கண் பகைக்காமல் ஏற்றுக்கொண்டதைப் பார்த்துத்தான், லண்டனில் ஹரால்ட் ரிட்லி 1949இல் முதல் லென்ஸை வைத்தார். மூப்பால் போனதைக் கால் மணி நேரத்தில் திருப்பித் தருகிற சிகிச்சை எதுவென்று கேட்டால் நான் கண்புரை அறுவையைத்தான் சொல்வேன்.

இரண்டு கண்ணும் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா பீரோவைத் திறந்தாள். மயில்கழுத்துப் பட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கண்புரை பழுத்தால் லென்ஸ் மஞ்சளாகி நீலத்தை விழுங்கிவிடும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது, அன்றைக்கு அவள் சாயம் போச்சு என்று சொன்னது. “அடியே, சாயம் போகவே இல்லைடி” என்றாள். நீலமும் பச்சையும் மாறி மாறி அடிக்கிற முந்தியை அப்படித் திருப்பி இப்படித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் பீரோ கதவுக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். கிட்டே போனாள். கன்னத்தை இழுத்துப் பார்த்தாள், நெற்றியைத் தடவினாள். “எனக்கு எப்பம்மா இவ்வளவு சுருக்கம் விழுந்துச்சு? ஒருத்தரும் சொல்லலையே” என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நல்லாத்தாம்மா இருக்கே என்றேன். அவள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அன்றைக்கு இரவு நான் முகம் கழுவிவிட்டு டியூபை எடுத்தபோது கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “அதை எனக்கும் பூசி விடேன்” என்றாள். கண் சொட்டு மருந்து முடியட்டும் என்றேன். ஒரு மாதம் கழித்து, கண் மருத்துவர் சரியென்ற பிறகு, என் தோல் மருத்துவரிடம் போன் செய்து கேட்டேன். 76 வயதில் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. குறைந்த அளவு உள்ளதை எழுதித் தந்தார், வாரத்துக்கு இரண்டு இரவு, கண்ணை விட்டுத் தள்ளி.

போன வெள்ளிக்கிழமை மதுரையில் இருந்தேன். அரைப் பட்டாணி அளவு எடுத்து நெற்றியில், இரண்டு கன்னத்தில், தாடையில் புள்ளி வைத்தேன். அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முதுகை நேராக நிமிர்த்தி, சின்னப் பிள்ளைக்குப் பவுடர் போடும்போது நீட்டுமே, அந்த மாதிரி முகத்தை என்னை நோக்கி நீட்டினாள்.